ஒன்பதாம் எண் ஷூ

எங்கள் வீட்டுச் செருப்பு அடுக்கின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ இருக்கிறது. சாம்பல் நிறம், ஒன்பதாம் எண். என் கால் எட்டு, மனைவியின் கால் ஐந்து, மகளுடையது ஆறு. ஆக, இந்த வீட்டில் யார் காலுக்கும் சேராத ஒன்று, பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று வாரம் ஒருமுறை வெயிலில் வைத்து எடுக்கப்படுகிறது. வெயில் வருகிற வாரங்களில் என்று திருத்திக்கொள்கிறேன். நாங்கள் இருப்பது கொடைக்கானல் நாயுடுபுரத்தில். வந்துபோகிறவர்களில் ஒருவர், "திருடனப் பயமுறுத்த ஆம்பள ஷூ வச்சிருக்கீங்களா சார்?" என்று என்னிடமே கேட்டார். அப்படியானால் நான் யார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஷூவை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது என் சம்பந்தியின் ஷூ. நான்கு ஆண்டுகள் என் மகளுக்கு மாமனாராக இருந்தவர். அதற்குப் பிறகு அவர் எனக்கு என்ன உறவு என்பதற்குத் தமிழில் சொல் கிடையாது. இருபத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன், நம்பலாம். ஆகவே சம்பந்தி என்றே எழுதுகிறேன். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். ஆறடியை நெருங்குகிற உயரம். அது அடுத்தவருக்கு உறுத்தக் கூடாது என்பதுபோல் சற்றே குனிந்து நடப்பார். பேச்சு மிகக் குறைவு. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் அவர் மொத்தமாகச் சொன்னது, "காப்பி நல்லா இருக்குங்க" என்பது மட்டும்தான். நானோ பேசியே பிழைப்பவன். வகுப்பு போக, திருவிழாக் காலங்களில் பட்டிமன்றம். குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா என்ற தலைப்பில் இரண்டு அணிகளிலும் பேசி, இரண்டு அணிகளையும் ஜெயிக்கவைத்திருக்கிறேன். அதற்காகப் போர்த்தப்பட்ட பொன்னாடைகளை மனைவி தலையணை உறைகளாகத் தைத்துவிட்டாள். அவற்றின் மேல் தலைவைத்து நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருடம் மகள் ஒரே ஒரு தோள்பையோடு வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கை நீட்டியிருந்தார். முதல்தடவை அல்ல. முதல்தடவை அவள் தொலைபேசியில் சொன்னபோது, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, போகப் போகச் சரியாயிரும்" என்று சொன்னவன் நான். அதன் பிறகு நடந்த எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் அவளைத் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாமே என்று இரவில் மனைவியிடம் மட்டும் முணுமுணுப்பேன். அவள் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வாள். அப்போதுதான் பழனியிலிருந்து தகவல் வந்தது: சம்பந்தி நேரில் வருகிறார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மருமகளை அழைத்துப்போக அல்லாமல் வேறு எதற்கு ஒரு மாமனார் மலையேறி வருவார்? மகள் என் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். எம் மக வரமாட்டான்னு. அதுக்கு மைக் கூட வேண்டாம்." சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் ஒரு மாலையில் வந்தார். கையில் பஞ்சாமிர்த டப்பா. எங்கள் வீட்டில் தங்காமல் முன்கூட்டியே லாட்ஜில் அறை எடுத்திருந்தார். அந்த வீட்டில் தங்குகிற உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் போலும். மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாளைக்கு வெள்ளனே கொஞ்சம் நடந்துட்டு வருவோமாங்க சம்பந்தி? உங்ககிட்ட தனியாப் பேசணும்" என்றார். ஏரியைச் சுற்றி ஒரு நடை என்பதுதான் அதன் பொருள். ஏரியைச் சுற்றினால் ஒன்றரை மணி நேரத்தில் பேச்சு முடிந்து தீர்ப்பு வந்துவிடும். நான் தள்ளிப்போடுவதில் தேர்ந்தவன். "நடக்குறதுன்னா அந்தப் பழைய மலைப்பாதையில நடக்கணும்ங்க. வட்டக்கானல்ல ஆரம்பிச்சு காட்டுக்குள்ளயே பெரியகுளம் பக்கம் இறங்கிரலாம். ஒரு பகல் ஆகும்" என்றேன், ஏதோ வாராவாரம் இறங்குகிறவன் மாதிரி. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதுவும் கல்லூரி மாணவர்களோடு போய்ப் பாதியில் வாந்தி எடுத்தவன் நான். அறுபத்துமூன்று வயதுக்காரர், பாதி நாள் கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர், மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்ங்க" என்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் சரி என்ற பிறகு பெண்ணின் தகப்பன் வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவர் காலில் கிடந்தது தோல் செருப்பு. அன்று சாயங்காலமே கடைத்தெருவில் இரண்டு ஜோடி ஷூ வாங்கினேன், எனக்கு எட்டு, அவருக்கு ஒன்பது. பாத்திரம், கட்டில், பீரோ என்று கல்யாணத்தில் நாங்கள் செய்த சீர் வரிசையின் கடைசி உருப்படி அந்த ஷூதான் என்று அப்போது தெரியாது.

காலையில் வட்டக்கானலில் பாதை தொடங்கும் இடத்திலேயே முதல் சிக்கல். அது ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போக வேண்டும், அது மரியாதை. ஆனால் வழி அவருக்குத் தெரியாது. வழி தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டவன் நான். "நீங்க முன்னால போங்க", "அய்ய, நீங்க போங்க" என்று பனிக்குள் பத்து நிமிடம் நின்றோம். கடைசியில் நான் முன்னே போனேன். போனாலும் சம்பந்திக்கு முதுகைக் காட்டி நடக்க மனம் வரவில்லை. ஆகவே ஒரு பக்கமாகத் திரும்பி, நண்டு மாதிரி, வேர்களில் தடுக்கிக்கொண்டே இறங்கினேன். பக்கவாட்டில் மலையிறங்குவது என்ன என்பதை அனுபவித்தவர்களின் முழங்கால்தான் அறியும். சோலைக்காடு மேலே மூடிக்கொண்டது. மரமெல்லாம் பாசி, பாசியெல்லாம் தண்ணீர். இடப்பக்கம் பாறைச்சுவர், வலப்பக்கம் பள்ளம். பள்ளத்தின் ஆழத்தைப் பனி கருணையோடு மறைத்திருந்தது. ஏரியைச் சுற்றுகிறவன் அலுத்துப்போனால் குறுக்கே ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தப் பாதைக்குக் குறுக்கு கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் இறங்கிய அத்தனையும் ஏற வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டே வந்தது. என் மகளின் நான்கு வருடமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கக்கூடிய உவமை. அதனாலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

மணிக்கு ஒருமுறை அவர் நின்று, பையிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவை எடுத்துத் திறப்பார். மலைவாழைப்பழமும் நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை காட்டுக்குள் எழும். "ஒரு கரண்டி சாப்பிடுங்க, தெம்பா இருக்கும்." எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சம்பந்தி நீட்டுவதை மறுக்கலாமா? சாப்பிட்டேன். ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் வாயைத் துடைத்துக்கொண்டு, இதோ சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமுவேன். "சம்பந்தி..." என்பேன். "சொல்லுங்க" என்பார், உடனே நின்று. "இந்த மரத்துக்கு இங்க என்ன பேருன்னு கேக்கணும்." இப்படி ஏழெட்டு மரங்களின் பெயரைக் கேட்டேன். கடைக்காரருக்கு மரங்களின் பெயர் எப்படித் தெரியும்? "தெரியலீங்களே" என்று ஒவ்வொரு தடவையும் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் ஒரு திருப்பத்தில் காட்டுமாடு நின்றது. பாதையை அடைத்துக்கொண்டு, பக்கவாட்டில். எங்களைப் பார்த்தது, பார்க்கத் தக்கதாக எதுவும் இல்லை என்று முடிவு செய்து அசைபோட்டது. பின்னால் பத்தடியில் செங்குத்து ஏற்றம், முன்னால் ஒரு டன் மாடு, நடுவில் ஒரு திண்டளவு பாறை. அதில் இரண்டு சம்பந்திகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். கல்யாண போட்டோவில்கூட அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. முக்கால் மணி நேரம் இருந்தோம். அந்த முக்கால் மணி நேரமும் நான் காட்டுமாட்டின் உணவுப் பழக்கம் பற்றி விரிவுரை செய்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்போது மேலேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. ரேஷன் அரிசி மூட்டைகளை ஏற்றிய மட்டக்குதிரை ஒன்று, அதன் பின்னால் தலையில் சாக்குப் போட்ட குதிரைக்காரர். கீழே உள்ள மலைக்கிராமத்துக்காரர். ரோடு போகாத ஊருக்கு அரிசி அப்படித்தான் போகிறது.

"ஏலே, நில்லு" என்று குதிரையை அதட்டிவிட்டு எங்களைப் பார்த்தார். "எவ்வளவு நேரமா நிக்குது?"

"முக்கா மணி" என்றேன்.

"அதுக்கு என்ன அவசரச் சோலி கெடக்கு? நமக்குத்தான் சோலி. அது போற வரைக்கும் இருக்க வேண்டியதுதான். பேசிக்கிட்டு இருங்க சார்."

அதைத்தான் தவிர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மாடு ஒருவழியாகப் பள்ளத்துக்குள் இறங்கிப் போனது. குதிரைக்குப் பின்னால் நடந்தோம். குதிரை முன்னே போனதால் யார் முன்னால் என்ற பிரச்சினையும் தீர்ந்தது. பிற்பகலில் அந்த ஊர் வந்தது. பெயரைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கேமராவோடு போய் நிற்பார்கள் என்பதால் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். எல்லையில் ஒரு மரத்தடிச் சாமி. அங்கே குதிரைக்காரர் தன் செருப்பைக் கழற்றிச் சாக்குக்குள் செருகினார். "செருப்பக் கழட்டிருங்க சார். எங்க ஊருக்குள்ள யாரும் போடுறதில்ல. வீட்டுக்கு வீடு சாமி இருக்கு. எது கோயில் எது வீடுன்னு பிரிக்க முடியாது, அதனால ஊரே கோயில்தான்." எங்கள் பாதை அந்த ஊருக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது. ஆகவே ஷூவை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது, கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சம்பந்தி தன் ஷூவைக் கழற்றிக் கயிறுகளை முடிந்து பையில் தொங்கவிட்டார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து கழற்றினேன். எழுந்தேன். அவ்வளவுதான், நண்டு நடைக்குக் கால்கள் பழிவாங்கின. இரண்டு கெண்டைக்காலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டன. நிற்க முடிந்தது, குனிய முடியவில்லை. என் காலடியில் என் ஷூ கிடக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறேன்.

சம்பந்தி குனிந்தார். என் ஷூ இரண்டையும் எடுத்தார், வலது கையில். பஞ்சாமிர்தம் அள்ளிக் கொடுக்கும் கை. "அய்யய்யோ, சம்பந்தி, என்ன செய்றீங்க, வைங்க கீழ" என்று பதறினேன். நம்மில் ஒருவர் செருப்பை இன்னொருவர் கையால் எடுப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அதிலும் மாப்பிள்ளையைப் பெற்றவர், பெண்ணைப் பெற்றவனுடையதை எடுப்பது! நான்கு வருடங்களுக்கு முன் மணமேடையில் தாம்பாளம் வைத்து இவர் மகனின் காலைக் கழுவியவன் நான். அன்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்று என் சேறு அவர் விரல்களின் வழியே ஒழுகுகிறது.

"சாருங்களா, பந்தியில எடம் மாத்திக்கிற மாதிரி நிக்காதீங்க, மழ வருது. வெரசா வாங்க" என்றார் குதிரைக்காரர். என் ஒரு கை அவர் தோளில், நொண்டிக்கொண்டே போனேன். முன்னால் சம்பந்தி, வெறுங்காலோடு, என் ஷூவைத் தூக்கிக்கொண்டு, ஊர் முழுக்க. நாற்பது வீடுகள் இருக்கும். வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தவர்கள் மழைக்குப் பயந்து வாரிக்கொண்டிருந்தார்கள். வாரியபடியே எங்களைப் பார்த்தார்கள். சந்து குறுகல், ஒதுங்க இடமில்லை. வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் கூட்டத்தின் பார்வையை விரும்பி வாங்கியிருக்கிறேன். அந்தச் சந்தில் வாங்கியதுபோல் ஒன்றை வாங்கியதில்லை. டீ போட்டுக் கொடுக்கிற வீடு ஒன்றில் உட்காரவைத்தார்கள். அந்த வீட்டம்மா டம்ளரை நீட்டிக்கொண்டே, "ரெண்டு பேரும் என்ன ஒறவு?" என்றார். சம்பந்திகள் என்றேன். அவர் சம்பந்தியின் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், புரிந்துவிட்டது என்று தலையசைத்துச் சம்பந்தியிடம் கேட்டார்.

"அப்ப அண்ணே, நீங்கதான பொண்ணு வீட்டுக்காரரு?"

திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் சம்பந்தி, "ஆமா தாயி" என்று டீயை வாங்கிக்கொண்டார்.

மழை விட்டது. ஊரின் மறு எல்லை வந்ததும் என்னை ஒரு கல்லில் உட்காரவைத்து, ஷூவை என் காலுக்கு நேராக, நான் நுழைத்துக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்தார். கையை இலையில் துடைத்துக்கொண்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசிய ஒரே பேச்சு அது. அதனால் மறக்கவில்லை.

"நான் எதுக்கு வந்தேன்னு நீங்க கேக்கவே இல்லீங்க. வீட்டுல எல்லாரும், பேசி அழச்சுக்கிட்டு வாங்கன்னுதான் அனுப்பிவிட்டாங்க. நான் அதுக்கு வரல. எம் மகன் செஞ்சது எனக்குத் தெரியும். ஒரு தடவ பக்கத்து ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டே படுத்துக் கெடந்தேன். எந்திரிச்சுப் போகல. புருசன் பொண்டாட்டி விசயம்னு இருந்துட்டேன். அந்தப் பிள்ளைய அனுப்பிராதீங்க. யாரு வந்து கேட்டாலும் சரி, நானே வந்து கேட்டாலும் அனுப்பிராதீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நேத்தே சொல்லலாம்னுதான் நடக்கக் கூப்பிட்டேன். நீங்க ஒரு பகல் பூரா நடக்கணும்னீங்க. மகளப் பெத்தவரு, கோவத்துல நம்மள நடக்க விட்டுப் பாக்குறாருன்னு நெனச்சேன். நடக்க வேண்டியவன்தான், நடப்போம்னு வந்தேன்."

என் கோழைத்தனத்தை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மரியாதை கொடுத்து, அறுபத்துமூன்று வயதில், அட்டை கடித்த காலோடு இறங்கி வந்திருக்கிறார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபமே வரவில்லை சம்பந்தி, கோபப்படத் தெரிந்திருந்தால் முதல் தொலைபேசியிலேயே பட்டிருப்பேன், நானும் உங்களைப்போல் பக்கத்து அறையில் படுத்துக் கிடந்தவன்தான் என்று. பேச்சாளன் வாயிலிருந்து வந்தது இது:

"பஞ்சாமிர்தம் இன்னும் இருக்குங்களா?"

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துக் கொடுத்தார். அன்று நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அந்த ஒரு கரண்டிதான்.

மலையடிவாரத்தில் சிக்னல் வந்தவுடன் மகள் அழைத்தாள். "அப்பா, சொல்லிட்டீங்களா?" நான் தடுமாறுவதைப் பார்த்து அவர் போனைக் கேட்டு வாங்கினார். "நாந்தாம்மா. உங்க அப்பா எல்லாத்தையும் தெளிவாச் சொல்லிட்டாரு. நீ அங்கயே இரு. நல்லா இரு." போனைத் திருப்பிக் கொடுத்தபோது என்னைப் பார்க்கவில்லை. மகள் மறுமுனையில் அழுதுகொண்டே, "தேங்க்ஸ்ப்பா, தேங்க்ஸ்ப்பா" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் பெரியகுளத்திலிருந்து அப்படியே பழனிக்கு பஸ் ஏறிவிட்டார். தன் தோல் செருப்பு லாட்ஜிலேயே கிடக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோனது.

அதன் பிறகு கோர்ட்டில் முடிய வேண்டியது முடிந்தது. சீர் வரிசை ஒரு டெம்போவில் திரும்பி வந்தது. பட்டியலில் ஷூ இல்லை. அவர் வீட்டில் அவரோடு சொந்த மகன் ஒரு வருடம் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தள்ளிப்போடுவதில் நான் தேர்ந்தவன் என்று முன்பே சொன்னேன். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது, என்னை எங்கே உட்காரவைப்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டார்கள். எழுந்து வரும்போது பார்த்தேன், படி ஓரத்தில் வெளியே போடுவதற்காக அவருடைய பழைய சாமான்கள் குவிந்திருந்தன. அதில் அந்தச் சாம்பல் நிற ஷூ. நன்றாகத் தேய்ந்திருந்தது; போட்டு நடந்திருக்கிறார். யாரையும் கேட்கவில்லை. எடுத்து வலது கையில் பிடித்துக்கொண்டு, அடிவாரத்துக் கடைகளின் நடுவே, அவரைத் தெரிந்தவர்கள் எல்லாம் பார்க்க, பழனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.

மகள் இப்போது இங்கேயே ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். தோழிகளிடம் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "எங்கப்பா காமெடியாத்தான் பேசுவாரு, ஆனா சொல்ல வேண்டிய நேரத்துல நேருக்கு நேரா சொல்லிட்டாரு" என்கிறாள். அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போய் மறுத்ததில்லை. அந்தப் பாராட்டுக்குள் அகப்பட்டு ஐந்து வருடம் ஆகிறது. அதற்கும் குறுக்குப் பாதை கிடையாது, இறங்கியதை எல்லாம் ஏறித்தான் ஆக வேண்டும். இன்று எழுதிவிட்டேன். நேரில் சொல்கிற தைரியம் இன்னும் வரவில்லை, அதில் மாற்றமில்லை. இந்தத் தாள்களை மடித்து, ஒன்பதாம் எண் ஷூவின் வலது காலுக்குள் வைக்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை செருப்பு அடுக்கைத் துடைப்பவள் அவள்தான்.